பழைய கேமரா, ஒரே லென்ஸ், விடியற்காலை: குறைந்த செலவில் புகைப்படம் பழக முழுமையான வழிகாட்டி

கேமரா வாங்க 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன், எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். அதில் பாதிக்கு மேல் கேமராவுக்குச் செலவழிக்காதீர்கள். பத்து வருடப் பழைய டி.எஸ்.எல்.ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) ஒன்றை நல்ல நிலையில் பார்த்து வாங்குங்கள். அதற்கு ஒரே ஒரு நல்ல லென்ஸ். மிச்சப் பணத்தில் உபரி பேட்டரி, மெமரி கார்டு, காற்றுப் புகாத ஒரு டப்பா, ஊர் சுற்ற பஸ் டிக்கெட். பிறகு ஒரு வருடம் கடைப் பக்கமே போகாதீர்கள். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். என்னிடம் கற்றுக்கொண்டவர்களில் நிலைத்து நின்றவர்களும் இப்படித் தொடங்கியவர்கள்தான்.

கைபேசி போதாதா என்றால், பல நேரங்களில் போதும். ஒரே நொடியில் பல படங்கள் எடுத்துச் சேர்த்து, இருட்டையும் வெளிச்சத்தையும் அதுவே சமன்செய்து கொடுத்துவிடுகிறது. பழக நினைப்பவருக்கு அதிலேதான் சிக்கல். எந்த முடிவை அது எடுத்தது, ஏன் எடுத்தது என்று தெரியாது. கேமராவில் ஒவ்வொரு முடிவும் உங்கள் விரலில் இருக்கிறது. ஒளியைப் படமாக்கும் சென்சாரும் ஏறத்தாழ 23 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம். கைபேசிச் சென்சாரைவிடப் பல மடங்கு பெரிது. மாலை மங்கிய பிறகு அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

எதை வாங்குவது

கேமரா நிறுவனங்கள் மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத வகை) பக்கம் போய்விட்டதால் டி.எஸ்.எல்.ஆர் விலை இறங்கிக் கிடக்கிறது. பழகுபவருக்கு இது நல்ல காலம். நிக்கானில் 2013-இல் வந்த டி5300, 2014-இல் வந்த டி3300 இரண்டுமே 24 மெகாபிக்சல். கேனானில் 2013-இன் 700டி 18 மெகாபிக்சல்தான், ஆனாலும் உழைக்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் 2017-இன் 200டி. திரையைப் பார்த்துப் படமெடுக்கும்போது அதன் ஃபோகஸ் மிக வேகமானது, எடையும் குறைவு. 2014-இல் வந்த சோனி ஏ6000 சின்னஞ்சிறியது, அருமையானது. ஆனால் அதற்கு லென்ஸ் சேர்க்கத் தொடங்கினால் பணப்பை இளைத்துவிடும்.

நிக்கான் வாங்குபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸிலேயே மோட்டார் இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். 50 மி.மீ. எஃப் 1.8 டி (மி.மீ. லென்ஸ் எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பது, எஃப் எண் அதன் துளையின் அளவு) என்ற பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்து, கையால் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயரில் 'ஏஎஃப்-எஸ்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேனானின் இஎஃப் லென்ஸ்களில் இந்தத் தொல்லை இல்லை. எல்லாவற்றிலும் மோட்டார் உண்டு.

லென்ஸ் 35 மி.மீ.யா, 50 மி.மீ.யா? முகங்கள்தான் உங்கள் விருப்பம் என்றால் 50. வீட்டுக்குள் குழந்தைகளையும் சமையலறையையும் எடுக்கப்போகிறீர்கள் என்றால் 35. ஃபிலிமைவிடச் சிறிய இந்தச் சென்சாரில் 50 மி.மீ. என்பது, பழைய ஃபிலிம் கேமராவின் 75 அல்லது 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். பத்துக்குப் பத்து அறையில் பின்னால் போகப் போகச் சுவரில் முதுகு இடிக்கும். நிக்கானுக்கு 35 மி.மீ. எஃப் 1.8 ஜி, கேனானுக்கு 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் இரண்டும் பழகுபவருக்கென்றே செய்தவை போலிருக்கும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸையும் தூக்கிப் போடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் அது குறைசொல்ல முடியாதது.

பழைய கேமராவைச் சோதிப்பது

இங்கேதான் அவசரப்படக் கூடாது. என் முதல் லென்ஸை ஒரு கடையில் மாலை நேரத்தில், ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்த்து வாங்கினேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஜன்னல் ஓரமாகப் பிடித்துப் பார்த்தபோது உள்கண்ணாடியின் ஓரத்திலிருந்து நூல் நூலாக ஏதோ கிளைத்திருந்தது. சிலந்தி வலையைப் பிய்த்து ஒட்டியது போல. பூஞ்சை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று லென்ஸுக்குள் வளர்க்கும் பயிர் அது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

அதனால் சோதனைக்குக் கைபேசி டார்ச்சோடு போங்கள். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, பின்பக்கத்திலிருந்து சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்து மறுபடியும். சில தூசித் துகள்கள் எல்லாப் பழைய லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. நூலிழைகள், பனி படர்ந்தது போன்ற மங்கல், எண்ணெய்த் திட்டு, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது சென்சார். கேமராவில் எஃப் 16 வைத்து, ஃபோகஸைக் கையால் வேண்டுமென்றே தப்பாகத் திருப்பி, வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ படமெடுங்கள். திரையில் பெரிதாக்கி மூலைக்கு மூலை நகர்த்திப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசி. காற்றூதும் ரப்பர் பந்தால் ஊதினால் பெரும்பாலும் போய்விடும். கோடாக ஏதாவது தெரிந்தால் அது கீறலாக இருக்கலாம், வேண்டாம். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூ ஃபைண்டரில் தெரியும் தூசி படத்தில் வராது, அதற்காகப் பேரத்தை முறிக்காதீர்கள்.

ஷட்டர் (சென்சாருக்கு முன் திறந்து மூடும் திரை) எண்ணிக்கை வண்டிக்குக் கிலோமீட்டர் போல. டி3300, 700டி போன்றவற்றின் ஷட்டர் ஒரு லட்சம் முறை திறந்து மூடும் அளவுக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கானில் ஒரு படத்தை எடுத்து, எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும். பெரும்பாலான கேனான் கேமராக்கள் இதைப் படத்துக்குள் எழுதி வைப்பதில்லை. அவற்றைக் கணினியில் கேபிளால் இணைத்து, அதற்கென உள்ள மென்பொருளால்தான் பார்க்க வேண்டும். முப்பதாயிரத்துக்குக் கீழே இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். எழுபதாயிரத்தைத் தாண்டினால் விலையில் கணிசமாகக் குறைத்துக் கேளுங்கள்.

கடைசியாக, அன்றைய செய்தித்தாள் ஒன்றைச் சாய்வாக வைத்து, எஃப் 1.8-இல், நடுவிலுள்ள ஒரு வரியின் மீது ஃபோகஸ் செய்து எடுங்கள். நீங்கள் குறிவைத்த வரியே தெளிவாக இருக்க வேண்டும். முன்வரியோ பின்வரியோ தெளிவாக இருந்தால் ஃபோகஸ் பிசகியிருக்கிறது. பேட்டரி உப்பியிருக்கிறதா, ஃபிளாஷ் எழும்புகிறதா, எல்லாப் பொத்தான்களும் வேலை செய்கின்றனவா என்பதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மெமரி கார்டு மட்டும் புதிதாக, பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை

மேலே உள்ள சக்கரத்தில் 'ஆட்டோ'வை இன்றோடு மறந்துவிடுங்கள். நிக்கானில் 'ஏ', கேனானில் 'ஏவி'. லென்ஸின் துளை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்கிறீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா கணக்கிடுகிறது. முதல் ஆறு மாதத்துக்கு இது போதும். முழுக்க முழுக்கக் கையால் அமைத்தால்தான் கலைஞன் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் தெருவில், சக்கரத்தைத் திருகிக்கொண்டிருப்பதற்குள் படம் நடந்து போய்விடும்.

ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), ஜேபெக் (கேமராவே திருத்திச் சுருக்கிய கோப்பு) இரண்டையும் சேர்த்துச் சேமிக்கச் சொல்லுங்கள். ஐ.எஸ்.ஓ.வை, அதாவது ஒளியுணர்வின் அளவை, தானியங்கியில் விட்டு, உச்சம் 3200 என்று கட்டுங்கள். ஷட்டர் 1/125 நொடியைவிட மெதுவாகாதபடி நிக்கானில் அமைக்கலாம். அந்த வசதி இல்லாத கேமராவில் அந்த எண்ணைக் கண்ணால் கவனித்துப் பழக வேண்டும். ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்று, நடுவில். படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமன்பாட்டை (வைட் பேலன்ஸ்) சூரிய ஒளிக்கு, அதாவது 'டேலைட்'டுக்கு மாற்றிவிடுங்கள். தானியங்கியில் விட்டால், விடியலின் மஞ்சளையும் அகல் விளக்கின் செம்மையையும் கேமரா குறையென்று நினைத்துத் துடைத்துவிடும். நாம் எடுக்க வந்ததே அந்த மஞ்சளைத்தான்.

கடைசியாக ஒன்று. வெளுத்துப்போன இடங்கள் கறுப்பாக மின்னிக் காட்டும் வசதி எல்லாக் கேமராவிலும் இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள்.

ஒரு கோலத்தை எடுப்பது

ஒளியளவு என்றால் என்ன என்பதை நான் கோலத்தில்தான் புரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு பாட்டி. மார்கழியில் ஐந்தரை மணிக்கெல்லாம் வாசல் தெளித்துவிடுவார். நான் முதல் நாள் எடுத்த படத்தில் ஈரத்தரை சாம்பலாகவும், மாவுக்கோடுகள் சுண்ணாம்பு கொட்டியது போலவும் இருந்தன. கம்பி கம்பியாக அவர் இழுத்த நேர்த்தி எதுவும் இல்லை.

காரணம் இதுதான். கேமராவின் ஒளிமானிக்கு உலகம் நடுத்தரச் சாம்பல் நிறம். எதைக் காட்டினாலும் அதைச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுத்த ஈரத்தரை சட்டத்தில் பெரும்பகுதி. ஆகவே வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி, அளவைக் கூட்டிவிடுகிறது. தரை வெளிறுகிறது, கோடு வெந்துபோகிறது. கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பி, கழித்தல் ஒன்றுக்குக் கொண்டுபோங்கள். தரை கறுப்பாகவே இருக்கும். கோடு வெள்ளையாகவும் இருக்கும், அதன் மேட்டில் மாவின் துகளும் தெரியும். திரையில் கோடுகள் மின்னுகின்றனவா என்று பாருங்கள். மின்னினால் இன்னும் கொஞ்சம் கழியுங்கள்.

வெள்ளை வேட்டி கட்டிய பெரியவரை வெள்ளைச் சுவரோரம் நிறுத்தினால் இதே கணக்கு தலைகீழாகும். கேமரா வேட்டியைச் சாம்பலாக்கி, முகத்தை இருட்டாக்கும். அங்கே கூட்டல் ஒன்று. கறுப்புக்குக் கழி, வெள்ளைக்குக் கூட்டு. இதைக் கை பழகிவிட்டால் பாதி வித்தை வந்துவிட்டது.

இனி வெளிச்சம். விடியுமுன் எடுத்தால் கோலம் தட்டையாக, நீலமாக இருக்கும். சென்னையில் மார்கழிச் சூரியன் ஆறரை மணியளவில் எழும். தெருவுக்குள் முதல் வெயில் நுழையும்போது அது தரையை உரசிக்கொண்டு வரும். அரிசிமாவுக் கோட்டுக்கு ஒரு நூல் கனம் உண்டல்லவா, அந்தக் கனத்துக்கு அப்போது ஒரு நிழல் விழும். பத்துப் பதினைந்து நிமிடம்தான். கோலத்தின் வடிவம் வேண்டுமென்றால் மாடியிலிருந்தோ ஸ்டூல் மேல் நின்றோ கேமராவைத் தரைக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். சற்றுச் சாய்ந்தாலும் வட்டம் முட்டையாகிவிடும். கோட்டின் உயிர் வேண்டுமென்றால் மண்டியிட்டு, வெயிலுக்கு எதிர்ப்பக்கமாகத் தாழ்ந்து எடுங்கள். ஒரே கோலத்தை இரண்டு விதமாகவும் எடுத்து, அன்றிரவே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எண்களோடு பழகுதல்

எஃப் எண் குறைந்தால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம். 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகும். எல்லோரும் மயங்குவது எஃப் 1.8-இல் பின்னணி கரைந்து போவதைப் பார்த்துத்தான். ஆனால் 50 மி.மீ. லென்ஸில் ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எஃப் 1.8-இல் ஒரு முகத்தை எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். முகம் கொஞ்சம் திரும்பினால் ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் போய்விடும். எஃப் 4-க்கு வந்தால் சுமார் 14 செ.மீ. மூக்கிலிருந்து காது வரை பிடித்துவிடலாம், பின்னணியும் வேண்டிய அளவு விலகும். இருவர் மூவர் நின்றால் 5.6, கூட்டுக் குடும்பமே வரிசையாக நின்றால் 8. முகம் எடுக்கும்போது உங்களுக்கு அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் வையுங்கள்.

ஷட்டருக்கு நான் மனத்தில் வைத்திருக்கும் எண்கள் இவை: உட்கார்ந்து பேசுபவருக்கு 1/125, நடப்பவருக்கு 1/250, ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/1600 அல்லது அதற்கு மேல். அதைவிட முக்கியம் கை நடுக்கம். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடது கையை லென்ஸுக்கு அடியில் ஏந்தி, மூச்சை விட்டு முடிக்கும் தருவாயில் அழுத்துங்கள். தூண் இருந்தால் சாய்ந்துகொள்ளுங்கள்.

ஐ.எஸ்.ஓ. ஏறினால் புள்ளி புள்ளியாகத் தெரியுமே என்று அஞ்சாதீர்கள். புள்ளி விழுந்த கூர்மையான படத்தை யாரும் குறை சொல்வதில்லை. ஆடிப்போன படத்தைக் காப்பாற்ற வழியே இல்லை.

முகத்துக்கு வெளிச்சம்

நம் ஊர் உச்சிவெயில் கண்குழியைக் கறுப்பாக்கும். பதினோரு மணிக்கும் மூன்றரை மணிக்கும் இடையே வெளியே யாரையும் நிறுத்தி எடுக்காதீர்கள். அந்நேரத்துக்குத் திண்ணை இருக்கிறது. கூரை மேல்வெயிலைத் தடுக்கும். தெருவில் விழும் வெயில் தெறித்து, மென்மையாக முகத்துக்கு வரும். ஆளைத் திண்ணை விளிம்புக்கு அருகில், தெருவைப் பார்த்தபடி உட்கார வைத்து, நீங்கள் தெருவில் நின்று எடுத்துப் பாருங்கள். எந்த ஸ்டுடியோ விளக்கும் தராத வெளிச்சம். அடுக்குமாடி வீட்டில் பால்கனிக் கதவோரம் அதே வேலையைச் செய்யும். கேமராவின் தலையிலுள்ள ஃபிளாஷை மட்டும் எழுப்பாதீர்கள்.

முன்பின் தெரியாதவரை எடுப்பதற்கு முன் கேளுங்கள். "தாத்தா, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்றால் பத்தில் எட்டுப் பேர் தலையசைப்பார்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகருங்கள். சம்மதித்தவர்கள் முதல் படத்துக்கு விறைப்பாக நிற்பார்கள். அதை எடுத்துக் காட்டுங்கள். பிறகு அவர்கள் தம் வேலைக்குத் திரும்பும்போது வருவதுதான் படம்.

வெளியூர்

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. சூரியன் நேர் எதிரே தாழ்ந்திருக்கும்போது புடைப்புகள் தட்டையாகத் தெரியும். சற்று மேலேறி, மார்கழி, தை மாதங்களில் தென்கிழக்கிலிருந்து சாய்வாக விழும்போது யானையின் வயிறு உருண்டு வரும். பிற்பகலில் முழுப்பாறையும் நிழலுக்குப் போய்விடும். ஆகவே முதல் பஸ்ஸில் போங்கள். கடற்கரைக் கோயிலுக்கு விடியலில், பாறைக்கு எட்டரை மணிக்கு மேல்.

வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து குவியும். 50 மி.மீ. லென்ஸில் அவை புள்ளிகளாகத்தான் தெரியும். அன்று லென்ஸ் ஆசை வரும். வரட்டும். கேனான்காரர்களுக்கு 55-250 எஸ்டிஎம் மலிவாகக் கிடைக்கும் நல்ல லென்ஸ். ஆனால் அதற்கான வேளை இரண்டாம் வருடம்.

ஈரத்திலிருந்து காப்பது

கேமராவைத் துணிப்பையோடு பீரோவில் பூட்டி வைப்பதுபோல் கெடுதல் வேறில்லை. இருட்டு, புழுக்கம், அசையாத காற்று. பூஞ்சைக்கு இந்த மூன்றும் போதும். ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மானி. முள் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறிவிட்டால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தெடுத்து மறுபடியும் பயன்படுத்தலாம். அதற்கென ஒரு பழைய வாணலியை ஒதுக்கிவிடுங்கள், சமையலுக்கு மீண்டும் எடுக்க வேண்டாம். அதைவிடச் சிறந்த மருந்து, வாரம் ஒருமுறையாவது கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

ஏசி அறையிலிருந்து நேராக வெளிப்புழுக்கத்துக்குக் கொண்டுபோனால் கண்ணாடி வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்திருந்து, பிறகு திறங்கள். விடியலில் எடுக்கப் போகிறவர்கள் முந்தைய இரவே ஏசி இல்லாத அறையில் கேமராவை வைத்துவிடுவது நல்லது.

தேர்வும் அச்சும்

ஒரு காலையில் நூறு படம் எடுத்தால் மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த அன்றே முடிவு செய்யாமல் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கண் நேர்மையாக இருக்கும். ரா கோப்புகளைத் திருத்த நிக்கானும் கேனானும் தங்கள் மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. டார்க்டேபிளும் இலவசம்தான், கற்கச் சற்று நாள் பிடிக்கும். ஒளியளவு, நிழல், வெட்டல், இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு வட்டுகளில்.

பிறகு அச்சுப் போடுங்கள். 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000-க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்ந்த தரத்தில் போட்டாலும் 20-க்கு 13 அங்குலம் வரும். சுவரில் மாட்ட அதற்கு மேல் என்ன வேண்டும்? திரையில் தெரியாத தவறுகள் தாளில் தெரியும்.

எங்கள் தெருப் பாட்டிக்கு, மாடியிலிருந்து எடுத்த கோலப் படத்தை எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மேல் மூலையில் விரலை வைத்து, "இங்கே ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறதே, நீ சொல்லவே இல்லையேப்பா" என்றார். அந்தப் படத்தை நான் ஐம்பது முறையாவது பார்த்திருப்பேன். மறுநாள் ஐந்தரை மணிக்கு அவர் வாசலில் நின்று, கேமராவை எடுக்காமல், புள்ளி வைப்பதை முதலிலிருந்து பார்த்தேன்.